சாலையோரத்து மண்

அயோவாவில் பதினான்கு ஆண்டுகளாக வெர்லா டீட்ஸ் குத்தகைக்கு உழுத வயலில், அவ்வாண்டு குதிரைமசால் என்னும் தீவனப்பயிர் மஞ்சளித்துக் கருகியது. மண்ணில் அமிலம் ஏறிப் புளித்திருக்கிறது என்றாள் அவள். மண் பரிசோதனை அறிக்கையோ, புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு தேவையில்லை என்றது. எனவே பழி அவள் பராமரிப்பின் மீது விழுந்தது. குத்தகையை வேறொருவருக்கு மாற்றப்போவதாக நில உரிமையாளர் ஓரின் அறிவித்தார்.

வெர்லாவால் உட்கார முடியவில்லை. பழைய அறிக்கைகளை ஆண்டு வரிசையில் மேசைமேல் பரப்பி, எழுந்து நடந்து, மீண்டும் படித்தாள். அவ்வாண்டு மண் மாதிரி மட்டும் கிழக்கு வேலியோரம் எடுக்கப்பட்டிருந்தது. அதையொட்டிச் சுண்ணாம்புக்கல் பரப்பிய சாலை ஓடுகிறது.

மறுநாள் ஓரினை வேலியருகே அழைத்துச் சென்றாள்.

"மாதிரி எடுத்தவன் வண்டிய விட்டு எவ்ளோ தூரம் நடந்தான், ஓரின்?"

"அவனா? சோறு வாசல்ல இருந்தாக்கூட எறங்காம ஹார்ன் அடிச்சுக் கூப்பிடுவான்."

"அப்போ அவன் அள்ளினது ரோட்டுச் சுண்ணாம்புத் தூசி."

அங்கிருந்த மண்ணில் அவள் வினிகரை ஊற்றினாள், சுண்ணாம்பு பட்டு நுரைத்தது. வயலின் நடுவில் ஊற்றினாள், நுரைக்கவில்லை. ஓரின் புட்டியை வாங்கி, தாமே மூன்று இடங்களில் ஊற்றிப் பார்த்தார்.

"சரிம்மா, சுண்ணாம்புக்குச் சொல்லு. நிலம் உங்கிட்டயே இருக்கட்டும்."

"வாயால சொன்னா பத்தாது, எழுதிக் குடுங்க."

ஓரின் தம் வண்டியின் முகப்பில் தாளை வைத்து எழுதிக் கையெழுத்திட்டார்.