வலிக்காத கால்

அடி அண்ணாமலை ஊர் வந்தாயிற்று. கிரிவலத்தில் பாதி தூரம் நடந்துவிட்டேன். வெயிலில் தார் ரோடு கொதிக்கிறது. எனக்கு மட்டும் சுடவில்லை. சாமி அருள் என்று நினைத்தபடி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்காரர்கள் போட்ட பந்தலில் பிரஷர் பார்க்க உட்காருகிறேன். என் பயமெல்லாம் எப்போதும் நெஞ்சைப் பற்றித்தான்.

"சுகர் இருக்காண்ணா?" என்கிறார் நர்ஸ்.

"ஆறு வருசமா இருக்கு சிஸ்டர். ஆனா வெறுங்கால்ல நடக்கறேன், வலியே இல்ல பாருங்க."

அவர் சட்டென்று தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக்கொள்கிறார். கூச்சத்தில் இழுக்கிறேன், விடவில்லை. குதிகாலிலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துக் காட்டுகிறார்.

"இது குத்தினதே தெரியலியா? சுகர்னால கால்ல உணர்ச்சி கம்மியாயிடுச்சுண்ணா. இப்படியே உட்டா காலையே எடுக்கணும்."

தினமும் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிற நான், பாதத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

கட்டுப்போட்டு, ஊரில் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதித் தருகிறார். "மீதி தூரம் ஆட்டோவுல போங்க. சாமி கோச்சுக்க மாட்டாரு."

எழுந்திருக்கிறேன். அடுத்து உட்கார்ந்தவர், "எனக்கும் சுகர்தாம்மா. ஆனா காலு வலியே கெடையாது" என்கிறார் பெருமையாக.

நர்ஸ் மறுபடி தரையில் உட்காருகிறார்.