சூட்டளவா, தணுப்பளவா

கழக்கூட்டம் என்ற ஊரில் எங்கள் அலுவலகம் வடக்கே உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்காகக் கன அயனி முடுக்கி ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தது. நியோபியம் என்ற உலோகத் தகட்டில் செய்த உள்ளீடற்ற கலங்களை வரிசையாக நிறுத்தி, திரவ ஹீலியத்தில் குளிர வைக்க வேண்டும். உள்ளே பாயும் அயனிகளை ஒவ்வொரு கலமும் ஓர் உந்து உந்தி அனுப்பும். நான் குழுத் தலைவி. எனக்கு வாய் நீளம். நான் குடியிருக்கும் வலியசாலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கலத்தை வரைந்த பெண் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். தற்காலிக வேலை. இந்த வரைபடம் தேறினால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தோம். தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து அம்மாவை அழைத்துவர இங்கே வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள். எனக்கு அவளைப் பிடிக்காது. அன்றைக்குக் காரணம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். இன்று சொல்கிறேன்: என்னைவிடக் கவனமாக இருந்தாள்.

வரைபடம் தயாரிப்புக்குப் போகிற நாளில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "மேடம், இது சூட்டளவா, தணுப்பளவா? ஹீலியத்தில வச்சா சுருங்குமல்லே?" படத்தில் போட்டிருக்கும் அளவு அறை வெப்பத்தில் உள்ளதா, குளிர்ந்த பின் உள்ளதா என்பது கேள்வி.

கணினியில் கணக்குப் போட்டவர்கள் அந்தச் சுருக்கத்தையும் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நினைத்ததோடு சரி, பார்க்கவில்லை. அதை எப்படி ஒப்புக்கொள்வது? "உங்க தோட்டத்துக் கொழுந்தா இது, வாட்டினா சுருங்கறதுக்கு? வரையறதோட நிறுத்திக்கோ" என்றேன். அறையே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். அன்று முதல் அலுவலகத்தில் அவளுக்குக் 'கொழுந்து' என்று பெயர். வைத்தவள் நான்.

முதல் கலத்தைக் குளிர்வித்தார்கள். சுருங்கியது. மயிரிழைதான், ஆனால் அதன் அலைவெண் எங்கோ ஏறிப்போய் நின்றது. எந்தத் திருகைத் திருப்பியும் இறங்கவில்லை. கலம் வீண்.

கூட்டத்தில் மேலாளர், "இது ஆரு வரச்சது?" என்றார். படத்தின் மூலையில் இருந்த அவள் பெயரைக் காட்டினேன். பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அவசரத்தில் கையெழுத்துப் போடாமல் அனுப்பியிருந்தேன், அந்த அவசரம் என்னைக் காப்பாற்றியது. அன்று சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அவரவர் குறிப்பேட்டைப் புரட்டினார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடித்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க என் மேசைக்கு வந்தாள்.

"அன்னைக்கு நீ கேட்டதை அங்க ஏன் சொல்லலை?" என்று நானே கேட்டேன், வெட்கங்கெட்டு.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் மேடம்."

சுருக்கத்துக்கு இடம் விட்டு மீண்டும் வரைந்தோம். கலங்கள் தேறின. இப்போதெல்லாம் எந்தப் படம் என் மேசைக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்: சூட்டளவா, தணுப்பளவா? அலுவலகத்தில் அந்தக் கேள்விக்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை.