மூக்கு சார்

முழங்கை மடிப்பை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் அவர் அடுத்த தட்டின் மூடியைத் திறப்பார். ஒரு மீனின் வாடை மூக்கில் தங்கியிருக்கும்போது இன்னொரு மீனை முகரக் கூடாதாம். அதைத் துடைத்தெடுக்க அவரவர் தோலின் வாசனையைப் போல வேறெதுவும் கிடையாதாம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், கொசு ஏதும் கடித்துவிட்டதா என்று விசாரிப்பார்கள். "மூக்குக்கு வாய் கொப்புளிச்சு விடுறேன்" என்பார், கொஞ்சமும் சிரிக்காமல்.

மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. வாசல் காவலாளி முதல் டைரக்டர் அம்மா வரை எல்லோருக்கும் அவர் மூக்கு சார். கடலில் பிடித்த பொடி மீனை அரைத்துக் குளத்து மீனுக்குத் தீனியாகப் போட்டுக்கொண்டிருந்தால் கடல் என்றைக்குத்தான் தேறும்? அதனால் அங்கே புழுவிலும் பயறிலும் தீனி செய்து மீன் வளர்க்கிறார்கள். மீன் நன்றாகவே வளர்கிறது. ஆனால் தண்ணீரில் பாசி கூடிப்போனால் எந்தக் குளத்து மீனுக்கும் சதையில் மண்வாடை ஏறிவிடும். ஒரு வாய் போதும், அப்புறம் அந்த வீட்டில் குளத்து மீன் என்ற பேச்சே எழாது. நல்ல தண்ணீரில் சில நாள் விட்டுவைத்தால் வாடை போய்விடும். போய்விட்டதா இல்லையா என்று சொல்வதுதான் மூக்கு சாரின் வேலை. குளத்துக்காரர்கள் அறுவடைக்கு முன்பு ஒரு மீனைக் கொண்டுவருவார்கள். அவர் அதை உப்பில்லாமல் ஆவியில் வேகவைத்து முகர்ந்து பார்த்து, "பிடிக்கலாம்" என்பார். இல்லாவிட்டால், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்." இதற்கென்று இயந்திரமும் ஒன்று இருக்கிறது. அது பதில் சொல்வதற்குள் குளத்தில் இருக்கிற மீன் கிழடாகிவிடும் என்பது அவர் கேலி.

இந்த மூக்குக்காக வீடே விரதம் இருந்தது. பச்சை வெங்காயம் கிடையாது, பவுடர் கிடையாது. வாசனை சோப்பை அவர் மனைவி தொட்டு வருஷக்கணக்காகிறது. "நான் கட்டிக்கிட்டது இவரையா, இவரோட மூக்கையான்னே தெரியலை" என்று அந்த அம்மாள் சொல்வதில் பாதி புகார், பாதி பெருமை. இன்னொருவரையும் பழக்கி வையுங்கள் என்று டைரக்டர் அம்மா பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். "மூக்கு என்ன சைக்கிளா மேடம், கத்துக்கொடுக்கிறதுக்கு?" என்று மழுப்பிவிட்டார் மனிதர். தான் ஒருவராக இருக்கும் வரைதான் தனக்கு மதிப்பு என்ற எண்ணம் அவருக்கு உள்ளூர இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சளி என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு மிளகு, மண்ணெண்ணெய், பினாயில் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். எல்லாம் வெறும் காற்றாக இருந்தது. நிலையத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. புதுத் தீனி மீனைப் பலர் ஆளுக்கொரு தடுப்பில் உட்கார்ந்து ருசி பார்க்கிற நாட்களில் பக்கத்துத் தடுப்பிலிருந்து வரும் செருமலையும் பெருமூச்சையும் கேட்டு மதிப்பெண் போட்டு ஒப்பேற்றினார்.

வீட்டில் அது நடக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து பாத்திரம் கறுத்தபோது அவர் எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். மறுநாள் ஒரு வாசனை சோப்பு வாங்கிவந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அவரை ஒட்டி வந்து நின்றாள்.

"என்ன?" என்றார் மூக்கு சார், பேப்பரிலிருந்து நிமிர்ந்து.

அவ்வளவுதான், அவள் முகம் உடைந்துபோயிற்று. "ஏங்க, டைரக்டர் அம்மாகிட்ட சொல்லிடுங்க. வேற ஏதாவது வேலை குடுப்பாங்க."

"மூக்கு இல்லாத மூக்கு சாரை வெச்சுக்கிட்டு அவங்க என்னடி பண்ணுவாங்க? வந்துடும். கொஞ்சம் பொறு."

வரவில்லை. அதற்குள் ஒரு குளத்துக்காரர் மீனோடு வந்துவிட்டார். நிலையத்தின் புதுத் தீனியை நம்பி முதன்முதலில் இறங்கியவர். மூக்கு சார் வேகவைத்தார், முழங்கையை முகர்ந்தார், மூடியைத் திறந்தார். சதையின் நிறத்தைப் பார்த்தார், கொண்டுவந்தவரின் ஆசை முகத்தையும் பார்த்தார். "பிடிக்கலாம்" என்றார்.

லாரி போன சுருக்கில் திரும்பி வந்தது. மண் நாறுகிறது என்று மொத்த வியாபாரி இறக்கவே விடவில்லையாம்.

குளத்துக்காரர் கையில் ஐஸ் பெட்டியோடு நிலையத்துக்குள் நுழைவதை மூக்கு சார் தூரத்திலேயே பார்த்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றார். வந்தவரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விலையைக் குறைக்கத்தான் சார் அந்த ஆள் நாடகம் ஆடுறான். மூக்கு சாரே பார்த்த மீனு, உனக்கென்னடா தெரியும்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டேன். சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போயிடுச்சு. இனிமே அவனோட ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது அதே லாரி மீன்தான். இன்னொரு தடவை பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க, வேற ஆளுக்கு அனுப்பிடறேன். பழைய தீனிக்கே போயிடலாம்னு தம்பி வேற வீட்டுல கத்துறான். உங்க வார்த்தையைத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன்."

மூக்கு சார் மீனை வேகவைத்தார். மூடியைத் திறந்ததும் ஆவி குப்பென்று எழுந்து முகத்தில் அடித்தது. வெறும் சூடு. ஒரு வார்த்தை சொன்னால் இப்போதைக்குத் தப்பிக்கலாம். இந்த மனிதர் இன்னொரு வாசலில் போய் அவமானப்பட்டு நிற்பார், அவ்வளவுதானே. அந்த 'அவ்வளவுதானே'யைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை. தட்டை மெல்ல எதிர்ப்பக்கம் நகர்த்தினார்.

"நீங்க பாருங்க."

"நானா? நான் என்னத்த சார் கண்டேன்?"

"பாருங்க. எனக்கு எதுவும் தெரியலை. காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியலை. அன்னைக்கும் தெரியலை."

குளத்துக்காரர் சிரித்தார். மூக்கு சார் சிரிக்கவில்லை என்று கண்டதும் குனிந்து முகர்ந்தார். அந்த முகம் சுருங்கிப் பின்வாங்குவதை மூக்கு சார் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... அந்த ஆளு சொன்னது நெசமா சார்?"

மூக்கு சார் தட்டை மூடினார். பழக்கதோஷத்தில் முழங்கை தானாக மூக்கை நோக்கி எழுந்தது. பாதி வழியில் அதைக் கீழே இறக்கிவிட்டார்.