துளி அடங்கும் வரை

திருத்தணி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் அவர் தோசை மாஸ்டர். அனலில் கறுத்த, புருவமே இல்லாத முகம். கல்லில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார். துளிகள் உடனே வற்றாது; கல்லைத் தொடாமல் மிதந்து, தோசைத்திருப்பி கீறிய சாய்வான கோடுகளின் மேல் அவர் பக்கமாகவே ஓடும்.

அன்று ஆடிக் கிருத்திகைக் கூட்டம். "பஸ் போயிடும், ஊத்துங்க" என்று கத்தினேன்.

"துளி இன்னும் ஓடிகினு இருக்குது சார். கல்லு காந்துது. இப்ப ஊத்துனா மாவு கரண்டியோட வந்துடும்."

கல்லாவிலிருந்து முதலாளியும் அதட்டினார். மாஸ்டர் ஊற்றினார். பிய்ந்துபோன தோசையை முதலாளியிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

அடுத்த ஆடியில் கல்லருகே வேறு ஆள். பழைய மாஸ்டர் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார். என் இலையை மடித்தபடி கேட்டார்: "தோசை நல்லா வந்துச்சா சார்?"

நன்றாகத்தான் வந்திருந்தது. மடித்த இலையை அவர் கையிலிருந்து வாங்கி, நானே கொண்டுபோய்ப் போட்டேன்.