அத்தை குளிப்பாட்டிய கற்கள்

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் ஊர் ஆண்களில் பலர் எல்லை தாண்டி, கர்நாடகத்துத் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர்கள். அத்தையின் கணவரான மாமாவும் அப்படிப் போய், கல்தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு இருமலோடு திரும்பியவர். எனக்கு எட்டு வயதானபோது, ஊரை ஒட்டிய சிறு பாறைக் குன்றான எங்கள் கரட்டிலும் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க மெஷினோடு ஆட்கள் வந்தார்கள். கரட்டைத் துளைத்து, கரும்புத் துண்டுகள் போல வெளியே வந்த கற்களை நீளப் பெட்டிகளில் அடுக்கினார்கள். காவலுக்கு அத்தையைப் போட்டார்கள். அந்தச் சம்பளத்தில்தான் மாமாவுக்கு மருந்து வந்தது.

பெரிய ஆபீசர் பார்வையிட வருகிறார் என்றதும் அத்தைக்குக் கை சும்மா இருக்கவில்லை. நாங்கள் இருவருமாக நான்கு பெட்டிக் கற்களையும் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டினோம். கறுப்பெல்லாம் ஒரு பக்கம், வெள்ளையெல்லாம் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கியது என் யோசனை. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான்.

ஆபீசர் பார்த்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“என்னம்மா இது? எது மேல இருந்த கல்லு, எது அடியில இருந்த கல்லுன்னு இனி யாரு சொல்றது?”

வேலை போச்சு என்று எனக்கே புரிந்தது. அத்தை இரண்டு கற்களை எடுத்து உடைந்த முனைகளைத் தடவிப் பார்த்தாள்.

“ஒடைஞ்ச எடம் ஒண்ணோட ஒண்ணு கூடுமில்லீங்க சார்? பொழுது சாயறதுக்குள்ள சேத்துக் குடுத்தர்றேங்க.”

ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்துவிட்டோம். ஒரு கல் இன்னொன்றோடு கச்சிதமாகக் கூடும்போதெல்லாம் ஒரே கூச்சல். துளைத்தபோது குறித்து வைத்த நோட்டை வைத்துச் சரிபார்க்க உட்கார்ந்த ஆபீசர், கொஞ்ச நேரத்தில் எங்களோடு போட்டி போட ஆரம்பித்துவிட்டார். சொன்னபடியே பொழுது சாய்வதற்குள் முடிந்தது. அத்தையின் வேலை தப்பியது.

சில மாதங்களில் முடிவு சொன்னார்கள்: வெட்டி எடுக்கிற அளவுக்கு எங்கள் கரட்டில் தங்கம் இல்லை. மெஷின் போனது, அத்தையின் வேலையும் கூடவே போனது. தங்கம் வந்தால் கம்மல் வரும் என்று மாதா படத்துக்குத் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தையோ அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

“அழாத பாப்பா. இனி நம்மூருப் பசங்க யாரும் குழிக்குள்ள எறங்க வேணாம்” என்று மாமா இருமலுக்கு நடுவே சிரித்தார்.

அத்தனை வருடம் தங்கம் வெட்டியவருக்குத் தங்கம் இல்லை என்பதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை. கோபத்தோடு கோழிக்காலைக் கேட்டு வாங்கி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றேன்.