பார்க்க வந்தவர்கள்

சீழ், ரத்தம், வாந்தி எதற்கும் கடுகு சிஸ்டர் முகம் சுளித்தது கிடையாது. குழந்தைகள் அறுவை வார்டில் கட்டுப் பிரித்துக் கட்டும் நர்ஸுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. பார்வையாளர் நேரத்தில்தான் அவளுக்குக் குமட்டும். வாயைத் திறந்தால் கடுகாய்ப் பொரிகிறாள் என்று பிள்ளைகளின் அம்மாக்கள் வைத்த பெயர்தான் கடுகு. காதில் விழுந்தும் அவள் கண்டுகொண்டதில்லை.

"உனக்கு நோயைப் பிடிக்கும், மனுஷங்களைத்தான் பிடிக்காது" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

"மனுஷங்களா நடந்துக்கட்டும், பிடிக்கும்" என்பாள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு நாலு வயதுப் பையன். பிறவியிலேயே மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தது. உட்கார்ந்துதான் போகமுடியும். டாக்டர் தோலை மடித்து நுனிவரை புதுப் பாதை தைத்து, அது ஒட்டும்வரை உள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்திருந்தார். அதற்குள் யாராவது குழாயைப் பிடுங்கிவிட்டால் தையல் பிரிந்துவிடும், எல்லாம் முதலிலிருந்து. துணி உரசாமல் இருக்கக் கால்மேல் ஓர் இரும்புக் கூண்டை வைத்து, போர்வையை அதன்மேல் போட்டிருந்தார்கள்.

வந்த சொந்தபந்தத்தின் கண்ணெல்லாம் அந்தப் போர்வைக்குள்தான். ஆப்பிள் பையை மேசையில் வைப்பார்கள். வலிக்கிறதா, தூங்கினாயா என்று பையனிடம் ஒரு வார்த்தை இருக்காது. பெற்ற அம்மாவே போர்வையைத் தூக்கிக் காட்டுவாள். கடைச் சரக்கா அது? கடுகு வந்து போர்வையை இறக்கிவிட்டாள்.

"என்னம்மா இது, கண்காட்சியா நடத்துறே?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குத் தெரியாது சிஸ்டர். ஆம்பளப் புள்ளதானான்னு என் காதுபடவே பேசினாங்க. நாலு வருஷம் யாரும் பாக்காம ஒளிச்சு ஒளிச்சுக் குளிப்பாட்டினேன். இப்ப கண்ணால பாத்துட்டா வாயை மூடுவாங்கல்ல?"

கடுகுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அப்படிப் பேசியவர்களின் வாயை நினைத்ததும்தான் அருவருப்பு இன்னும் கூடியது.

மறுநாள் அத்தை வந்தாள், பையனுடைய அப்பாவின் அக்கா. கை நிறைய வளையல், கூட இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள். கடுகு மூலையில் இன்னொரு குழந்தைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாருங்க அண்ணி" என்று அம்மா போர்வையை விலக்கினாள்.

"எங்க, சரியாத் தெரியலையே" என்று அத்தை கூண்டுக்குள் கையை விட்டாள். பையன் வீறிட்டுக் காலை இழுத்தான். வளையலில் குழாய் சிக்கியது. கடுகு கத்திக்கொண்டே ஓடிவருவதற்குள் குழாய் அத்தையின் கையோடு வந்துவிட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தையல் விட்டுவிட்டது, புண் ஆறி ஆறு மாதம் போனபிறகுதான் மறுபடி அறுவை.

"நான் தொட்டதுல போற தையலா? ஒழுங்காத் தெச்சிருக்கணும்" என்றாள் அத்தை, வளையலைக் கைக்குட்டையால் துடைத்தபடி. துடைக்கிற கையைப் பார், என்று கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெளிய போங்க. இல்லன்னா அந்த வளையலை நானே கழட்டி எறிஞ்சிடுவேன்!"

அத்தை முணுமுணுத்துக்கொண்டே போனாள். அம்மா சுவரைப் பார்த்து அழுதாள். கடுகு கட்டிலைச் சுற்றித் திரைத்தட்டி வைத்துவிட்டு, "இனிமே ஒரு ஈ, எறும்பு உள்ள வரக்கூடாது" என்றாள்.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, மின்விசிறி பழுது பார்க்க ஏணியோடு எலெக்ட்ரீஷியன் வந்தார். ஏணியை விரிக்க இடம் வேண்டும் என்று கடுகுதான் தட்டியை நகர்த்திவிட்டாள்.

முன்பின் தெரியாத மனிதர் கட்டிலருகே வந்து நின்றதும், பையன் வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினான். யாரும் சொல்லாமல், போர்வையை இரண்டு கையாலும் தானே தூக்கிப் பிடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

எலெக்ட்ரீஷியன் திகைத்துக் கடுகைப் பார்த்தார். "என்னப்பா? எதுக்குப்பா?"

"தொடாம பாருங்க மாமா" என்றான் பையன்.