உருளிக்குள் போட்ட வீட்டுச் சாவி

காக்கநாட்டில் என் அலுவலகக் கட்டிடத்துக்குச் சாவியே கிடையாது. கழுத்தில் தொங்கும் அட்டையை நீட்டினால் கண்ணாடிக் கதவு விலகி வழிவிடும். அட்டையை மறந்து வருகிற பெரிய அதிகாரிகளுக்குத் தற்காலிக அட்டை எடுத்துக் கொடுத்து, சிரித்து, உள்ளே அனுப்புவது வரவேற்பு மேசையில் என் வேலை. ஊரில் உள்ள எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுகிற எனக்கு, மட்டாஞ்சேரியில் என் சொந்த வாசலைத் திறக்க ஒரு சாண் நீளத்தில் ஒற்றை இரும்புச் சாவி.

ஒற்றை என்றால் ஒற்றைதான். இன்னொன்று செய்ய வீட்டு முதலாளி விடமாட்டார். சுள்ளிக்கலில் டைல்ஸ் போட்ட புது வீட்டில் அவர் இருக்கிறார். இந்த ஓட்டு வீடு, கயிற்றுக்கடை வைத்திருந்த அவருடைய அப்பா விட்டுப்போனது. அந்தப் பூட்டும் அப்படியே. ராஜா காலத்துப் பூட்டு என்று அவர் சொல்லும்போது நான் பயபக்தியோடு தலையாட்டுவேன். சாவியின் தண்டில் பொடி எழுத்தில் 'திண்டுக்கல்' என்று தமிழில் வெட்டியிருக்கும். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதது எங்கள் ராஜாவின் அதிர்ஷ்டம்.

முனிசிபாலிட்டித் துப்புரவு வேலைக்கு வந்த என் அப்பா வாடகைக்கு எடுத்த வீடு அது. நடு அறையில் நான் பிறந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கிளம்பினார்களாம், நான் காத்திருக்கவில்லையாம். அப்பா போனபிறகும் வீடு எங்களிடமே இருந்தது. ஆனால் பக்கத்துச் சந்து வீடுகள் ஒவ்வொன்றாக ஹோம்ஸ்டே ஆகி, வாசலில் செடியும் ஆங்கிலப் பலகையும் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்ததும் முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் ஸ்கூட்டரில் வருவார். சுவரைத் தட்டுவார், ஓட்டை அண்ணாந்து பார்ப்பார், நான் கொடுக்கும் சாயாவைக் குறை சொல்லிக்கொண்டே குடிப்பார். கடைசியில் கையை நீட்டி, "தாக்கோல் காணட்டே" என்பார். சாவியைக் காட்டவேண்டும். அதை எடைபோடுவதுபோல உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இது போயால் வீடும் போயி, கேட்டோ" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். சாவி தொலைந்தாலோ பூட்டை உடைத்தாலோ வீட்டைக் காலி செய்யவேண்டும் என்பது அவரே எழுதி அவரே நிறைவேற்றிய சட்டம்.

ஆகவே அந்தச் சாவியை நாங்கள் பிள்ளையைப்போல வளர்த்தோம். கடைசியாகக் கிளம்புகிறவர் எடுத்துப்போகவேண்டும், முதலில் திரும்புகிறவர் தேடிப்போய் வாங்கிக்கொள்ளவேண்டும். என் கைப்பையில் இருந்த நாட்களில் அலுவலகத்துக் காவலாளி தினமும் அதை வெளியே எடுத்து, "ஆயுதமாணோ சேச்சி?" என்று கேட்டுத் தானே ரசித்துக்கொள்வார். என் கணவரிடம் இருந்த நாட்களில் அவருடைய சட்டைப்பைகள் கிழிந்தன. தைத்துக் கொடுத்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓட்டல் வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வாய்ச் சாமர்த்தியத்தால் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் விற்பனையாளர் ஆனார். கடையின் முன்னால் பெரிய வெண்கல உருளி ஒன்றில் சாவிகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். பாதி பழையவை. மீதி, உப்புத்தண்ணீரில் ஊறி, கடைக்குப் பின்னால் மண்ணுக்குள் சில நாள் தூங்கி, எழுந்து வந்து உட்கார்ந்த பழையவை. ஒவ்வொன்றுக்கும் இவர் ஒரு கதை சொல்வார். கதைக்கேற்ற சீட்டை ஆங்கிலத்தில் எழுதி நூலில் கட்டிக் கொடுப்பார். வீட்டில் பால் தீர்ந்துபோனதைக்கூட என்னிடம் சொல்லாத மனிதர் அங்கே அருவியாகக் கொட்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அலுவலகம் இருந்தது. நான் முதலில் கிளம்பினேன், சாவி அவரிடம் போனது. மத்தியானத்துக்குப் பிறகு திரும்பி, வழக்கம்போல அவருடைய கடைக்குப் போய்க் கையை நீட்டினேன். அவர் உருளிக்குள் கையை விட்டார். இன்னொரு கையையும் விட்டார். பிறகு உருளியையே தரையில் கவிழ்த்தார்.

"எதுக்குங்க இதுக்குள்ள தேடுறீங்க?" என்றேன்.

"பை கிழிஞ்சிருக்குல்ல. பத்திரமா இருக்கட்டும்னு இதுல போட்டேன்."

சாவியைச் சாவிகளோடு போட்டால் பத்திரம். யோசித்துப் பார்த்தால் தப்பு சொல்லமுடியாது. நான் யோசிக்கும் நிலைமையில் இல்லை.

"இதுல இல்லியே. எங்க போச்சு?"

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. "காலைல ஒரு வெள்ளைக்காரம்மா வந்துச்சு. பெரிய சாவியா வேணும்னு கேட்டுச்சு. நான் கதை சொல்ற வேகத்துல..."

"எந்தக் கதை?"

"மிளகு வியாபாரி கதை."

என் கணவர் எங்கள் வீட்டைப் பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோய், அதற்கொரு வரலாறும் எழுதிக் கட்டி, விற்றுவிட்டு வந்திருக்கிறார். ஊரில் ஆயிரம் கணவர்கள் சாவியைத் தொலைக்கிறார்கள். லாபத்தோடு தொலைத்தவர் எனக்கு வாய்த்தார். நல்லா இருக்கு என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் முதலாளியின் ஸ்கூட்டர் வந்துவிடும். வீடு போய்விடும் என்று நினைத்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

நல்லவேளையாக அந்தப் பெண்மணி அதிக தூரம் போகவில்லை. அதே தெருவில் ஒரு மாடிக் காபிக்கடையில் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் எங்கள் சாவி. அதைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் உண்மையைச் சொன்னார். எனக்குத் தெரிந்து கடை நேரத்தில் அவர் சொன்ன முதல் உண்மை. "மேடம், மன்னிக்கணும், இது எங்க வீட்டுச் சாவி" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கும்பிட்டார். அந்த அம்மா சிரித்தார். "காலையில் முந்நூறு வருஷம் பழைய மிளகு வியாபாரியின் கஜானா. இப்போது உங்கள் வீடா? இதை வேறு யாரோ அதிக விலைக்குக் கேட்டிருக்கிறார்கள், அதுதானே?" என்றார்.

வரவேற்பு மேசையில் பழகிய ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி நானும் சொன்னேன். சாவியில் 'திண்டுக்கல்' என்று எழுதியிருப்பதைத் தொட்டுக் காட்டினேன். "அது பழங்கால லிபி என்று உங்கள் கணவர் சொன்னாரே" என்றார். கணவரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்த அம்மா எழுந்தார். "சரி, அந்த வீட்டைக் காட்டுங்கள். நானே திறந்து பார்க்கிறேன்" என்றார். சாவியை எங்கள் கையில் தர அவருக்குத் துணிச்சல் இல்லை. நாங்கள் முன்னால் நடந்தோம், எங்கள் சாவியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார்.

சந்துக்குள் திரும்பும்போதே ஸ்கூட்டர் நிற்பது தெரிந்தது. பூட்டிய கதவின் முன்னால் முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா யாரையும் கவனிக்கவில்லை. நேராகப் படியேறி, சாவியை நுழைத்துத் திருப்பினார். நான் முழங்காலால் முட்டி, தோளால் தூக்கி, கெட்ட வார்த்தை ஒன்றாவது சொல்லாமல் திறக்காத கதவு, அவருக்கு ஒரே திருப்பில் திறந்தது.

"இதாரா? நிங்ஙள் இவிடே ஆளைத் தாமசிப்பிக்குன்னுண்டோ?" என்றார் முதலாளி. அவருக்குத் தெரியாமல் வெளிநாட்டுக்காரர்களை வீட்டில் தங்கவைத்துச் சம்பாதிக்கிறோமா என்று கேட்கிறார். பாவம், எவ்வளவு காலம் தேடிய காரணம் அது! அவர் முகத்தில் கோபத்தைவிட ஆனந்தம்தான் அதிகம் தெரிந்தது.

"இல்ல முதலாளி, சேட்டன் தெரியாம கடையில சாவிய வித்துப்போட்டு, அத திரும்ப வாங்கத்தான் இவங்களக் கூட்டி வந்தது" என்றேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை. வீட்டுச் சாவியை யாராவது விற்பார்களா?

"தாக்கோல் விற்றோ?" என்று முதலாளி சிரித்தார். "அடுத்த மாசம் ஒழிஞ்சோளூ."

அடுத்த மாதமே காலி செய்யவேண்டுமாம். அழக்கூடாது என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அந்த அம்மா, நல்ல மனசோடுதான், சாவியில் கட்டியிருந்த சீட்டை அவிழ்த்து முதலாளியிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். மட்டாஞ்சேரியின் மிகப் பெரிய மிளகு வியாபாரி. முந்நூறு வருஷம். ராஜாவுக்கே கடன் கொடுத்த குடும்பத்தின் கடைசிச் சாவி.

சீட்டை இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தார். பிறகு அவர் என் கணவரிடம், தணிந்த குரலில், "இது சத்யமாணோ?" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். இந்தமுறை நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

"சத்தியமா, முதலாளி. உங்க தறவாடு, பரம்பரை வீடுதான்."

கயிற்றுக்கடை வைத்திருந்தவரின் மகன் அந்த நிமிஷமே மிளகு வியாபாரியின் பேரன் ஆனார். அதில் ஒரு எழுத்தைக்கூட அவர் சந்தேகிக்கவில்லை. அந்த அம்மாவோ நெஞ்சில் கைவைத்து, இது வாரிசிடம்தான் இருக்கவேண்டும் என்று சாவியை அவர் கையில் வைத்துவிட்டார். நாங்கள் கெஞ்சிக் கிடைக்காத சாவி, கதைக்காரனின் ஒரு பொய்க்குக் கிடைத்தது. இருவரும் கதவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக் கொடுத்தது நான்.

வீடு தப்பித்தது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அன்று நடு அறைத் தரையில் உட்கார்ந்து வயிறு நிறைய அழுதேன். ஹோம்ஸ்டே பேச்சு நின்றுபோனது. பரம்பரை வீட்டில் கண்டவனும் வந்து தங்கலாமா என்று இப்போது முதலாளியே கேட்கிறார். ஓட்டை மாற்றக்கூடாது, சுவருக்குப் பெயின்ட் அடிக்கக்கூடாது, எல்லாம் பழையபடியே இருக்கவேண்டும். நாங்களும் பழையபடியே இருந்துகொள்ளலாம். பெருக்கித் துடைக்க ஆள் வேண்டுமே.

சாவியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அது எங்களிடம் இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை அவர் விருந்தாளிகளோடு வரும்போது நான் திறந்துவிட வசதி. என் கணவர் சம்பளமில்லாமல் மிளகு வியாபாரி கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு வாரமும் வியாபாரிக்கு இன்னொரு கப்பல் சேர்கிறது. என்னை முதலாளி "வீடு நோக்கான் நிக்குன்ன குட்டி" என்று அறிமுகப்படுத்துகிறார், வீட்டைப் பார்த்துக்கொள்ள நிறுத்திய பெண்ணாம்.

போன வாரம் வந்த ஒரு அம்மாள், சென்னைக்காரர், நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டு, "நீங்க இங்க வேலைக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?" என்றார்.

"வேலைக்கு வரலீங்க. இந்த நடு ரூம்லதான் நான் பிறந்தேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "உங்களைவிட இவங்க நல்லா கதை சொல்றாங்களே" என்று சிரித்தார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர்கள் வெளியே வருவதற்காகக் கதவைப் பிடித்தபடி நின்றேன்.